வைக்கோல் படுக்கையில் முளைத்த மைக்காளானுக்கு எந்தப் பெயர் சரி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சிப்பிக்காளானுக்காகப் போட்ட வைக்கோல் படுக்கையில், பையின் துளை வழியாக வேறொரு காளான் எட்டிப் பார்த்திருக்கிறது. முதல் நாள் சாம்பல் நிற முட்டை மாதிரி இருந்தது, மறுநாள் விடிவதற்குள் குடை விரித்தது, மத்தியானத்துக்குள் கறுத்து மையாகச் சொட்டிவிட்டது. அதில் ஒரு துண்டை எடுத்து, தெரிந்தவர் ஒருவரின் ஆய்வகத்தில் டி.என்.ஏ. பிரித்து, ஐ.டி.எஸ். பகுதியின் (பூஞ்சைகளை அடையாளம் காணப் பயன்படும் ஒரு டி.என்.ஏ. துண்டு) வரிசையை வாங்கினீர்கள். பொதுக் களஞ்சியத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டுக் காட்டும் பிளாஸ்ட் தேடலில் போட்டால் 99 சதவீதத்துக்கு மேல் பொருந்தும் பதிவுகளாக நான்கு வருகின்றன: காப்ரினாப்சிஸ் சினெரியா, காப்ரினஸ் சினெரியஸ், காப்ரினாப்சிஸ் லாகோபஸ், நான்காவது வெறுமனே ‘வளர்க்கப்படாத பூஞ்சை’. இதில் எது சரி என்பது முதல் கேள்வி. டி.என்.ஏ. இருக்கும்போது மைக்ரோஸ்கோப்பில் ஸ்போரை (காளான் பரவுவதற்காக உதிர்க்கும் நுண்தூளை) அளந்துகொண்டிருப்பது வீண் வேலைதானே என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பாதி பதில் உடனே சொல்லிவிடலாம். முதல் இரண்டு பெயரும் ஒரே பூஞ்சைதான். இரண்டாவது பழைய பெயர். மூன்றாவது, பெரும்பாலும் யாரோ தப்பாகப் பெயர் எழுதிப் பதிவேற்றியது. நான்காவது, மண்ணிலிருந்தோ எருவிலிருந்தோ மொத்தமாக டி.என்.ஏ. எடுத்தபோது கிடைத்த வரிசை, காளானையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆக, உங்களுடையது காப்ரினாப்சிஸ் சினெரியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வைக்கோலிலும் சாணத்திலும் வரும் சிற்றினம் அது. காளான் படுக்கையில் களையாக முளைப்பது ஊரறிந்த விஷயம். ஆனால் ‘வாய்ப்பு அதிகம்’ என்பதற்கு மேல் என்னால் எழுதித் தர முடியாது. காளான் எங்கே என்று கேட்டால், உருகிப் போய்விட்டது, மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டோம் என்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். ஏன் என்று சொல்ல, இந்தப் பெயர்களின் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

உங்கள் படுக்கையில் வந்த காளானுக்கு ‘சினெரியஸ்’, அதாவது சாம்பல் நிறத்தது என்று பெயர் வைத்தவர் ஷேஃபர். பவேரியாவில் கண்ட காளான்களை வண்ணப் படங்களாக அச்சிட்டவர். வருடம் 1774. அப்போது குடையும் அடியில் தகடு தகடாகச் செவுளும் உள்ள எல்லாக் காளானும் அகாரிக்கஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் கிடந்தன. அப்புறம் பெர்சூன் 18ஆம் நூற்றாண்டின் முடிவில், மையாக உருகுபவற்றைப் பிரித்துக் காப்ரினஸ் என்று வைத்தார். கிரேக்கத்தில் சாணம் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கறுப்பு ஸ்போர், மெல்லிய செவுள், முதிர்ந்ததும் தானே கரைந்து மையாவது: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் காப்ரினஸ். இருநூறு வருடம் யாருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை. மையாக உருகும் காளானைப் பார்த்தவர்கள் வேறெதோடு அதைக் குழப்பிக்கொள்ளப் போகிறார்கள்?

அந்த உருகலே ஒரு அழகான ஏற்பாடு. பெரும்பாலான காளான்களில் செவுள் கத்தி அலகு மாதிரி, மேலே தடித்துக் கீழே மெலிந்திருக்கும். அதனால் ஸ்போர் தடையின்றிக் கீழே விழும். மைக்காளானில் செவுள்கள் புத்தகத் தாள் மாதிரி ஒரே தடிமனாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்போர் கீழ் விளிம்பில் முதலில் முதிர்கிறது, பிறகு படிப்படியாக மேலே. முதிர்ந்து உதிர்ந்த விளிம்பைக் காளானே செல் சுவரைச் சிதைக்கும் தன் கைட்டினேஸ் நொதிகளால் கரைத்துவிடுகிறது. அடுத்த வரிசை ஸ்போருக்கு வழி திறக்கிறது. கனடாவில் இருந்த புல்லர் இதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து விளக்கினார். இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு ஒரு முறைதான் தோன்றியிருக்கும் என்று எல்லோரும் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

1990களில் ஹாப்பிளும் வில்காலிஸும் ரைபோசோம் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒப்பீட்டில் காப்ரினஸ் இரண்டு கூறாகப் பிரிந்து தூரதூரமாகப் போய் நின்றது. காப்ரினஸ் கோமேட்டஸ் என்ற வெள்ளைச் செதில் மூடிய உயரமான காளானும் அதன் சில உறவுகளும், நாம் கடையில் வாங்கும் மொட்டுக் காளானின் குடும்பமான அகாரிகேசியோடு சேர்ந்தன. மீதிப் பெரும்பான்மை, சதிரெல்லா என்ற, பெரும்பாலும் உருகாத பழுப்புக் காளான்களோடு சேர்ந்தன. அதாவது மையாக உருகும் வித்தை தனித்தனியாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியிருக்கிறது.

இங்கே ஒரு விதி குறுக்கே வந்தது. ஒரு பேரினத்தின் பெயர் காற்றில் மிதப்பதில்லை; அது ஒரு குறிப்பிட்ட சிற்றினத்தோடு கட்டப்பட்டிருக்கும். காப்ரினஸ் என்ற பெயர் கட்டப்பட்டிருந்தது கோமேட்டஸோடு. எனவே கோமேட்டஸ் எங்கே போகிறதோ அங்கேதான் அந்தப் பெயர் போகும். 2001இல் ரெட்ஹெட், வில்காலிஸ் முதலானவர்கள் முடிவாக எழுதியபோது, காப்ரினஸ் என்ற பெயர் சில சிற்றினங்களோடு மட்டும் நின்றது. மற்ற பெருங்கூட்டம் காப்ரினாப்சிஸ், காப்ரினெல்லஸ், பாராசோலா என்ற மூன்று பேரினங்களுக்குப் பிரிந்து போனது. ஷேஃபரின் சாம்பல் காளான் காப்ரினாப்சிஸ் சினெரியா ஆனது இப்படித்தான். இத்தனை பேரை இடம் மாற்றுவதற்குப் பதில், பெயர் கட்டிய சிற்றினத்தையே மாற்றிவிடலாமே என்று சிலர் முன்மொழிந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. அப்போது பலருக்கு வருத்தம்தான். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. வசதிக்காக ஒரு முறை கட்டை அவிழ்த்தால், அடுத்தவர் அவிழ்ப்பதையும் தடுக்க முடியாது.

உங்கள் பட்டியலில் லாகோபஸ் எப்படி வந்தது என்பதற்கும் இந்தக் கதையிலேயே பதில் உண்டு. லாகோபஸ் என்றால் முயல் கால். இளம் குடையில் வெள்ளை மயிர் மாதிரி படர்ந்திருப்பதால் ஃபிரீஸ் வைத்த பெயர். சினெரியாவும் இளமையில் அப்படியே இருக்கும். எனவே ஆய்வகத்தில் வளர்த்துப் பூஞ்சை மரபியல் படித்தவர்களில் பலர், கையில் இருந்தது சினெரியாவாக இருந்தும் லாகோபஸ் என்றே பல வருடம் கட்டுரை எழுதினார்கள். ஜப்பானில் அதே பூஞ்சைக்குக் காப்ரினஸ் மேக்ரோரைசஸ் என்று பெயர் ஓடியது. 13 குரோமோசோம், ஏறக்குறைய 3.7 கோடி டி.என்.ஏ. எழுத்து கொண்ட இதன் முழு மரபுத்தொகுதி 2010இல் வெளியாகிவிட்டது. மரபுத்தொகுதியே தெரிந்த பூஞ்சைக்கு இவ்வளவு பெயர்க் குழப்பம் என்றால், அதிகம் படிக்கப்படாதவற்றின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டி.என்.ஏ. வரிசைகளின் பொதுக் களஞ்சியத்தில் இருந்த பூஞ்சை வரிசைகளை 2006இல் ஒரு குழு சலித்துப் பார்த்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, சிற்றினப் பெயரில் தவறாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பிளாஸ்ட் உங்களுக்குச் சொல்வது ‘உன் வரிசை இந்த வரிசையைப் போல இருக்கிறது’ என்பதை மட்டும். அந்த வரிசைக்கு மேல் ஒட்டியிருக்கும் பெயருக்கு அது பொறுப்பேற்பதில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. சிப்பிக்காளான் வித்துப் பையில் ‘புளூரோட்டஸ் சாஜர்-காஜூ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலாய் மொழியில் சாயூர் என்றால் காய்கறி, காயூ என்றால் மரம். மரத்தில் விளையும் காய்கறி. அந்தப் பெயருக்கு உரிய உண்மையான பூஞ்சை லென்டினஸ் பேரினத்தைச் சேர்ந்தது, காம்பில் வளையம் உள்ளது. பைகளில் அந்தப் பெயரோடு விற்கப்படுவது வேறு, புளூரோட்டஸ் பல்மொனேரியஸ். விளைச்சலுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பையில் உள்ள பெயரையே போட்டுப் பதிவேற்றினால், அடுத்து வருபவர் அந்தக் குழியில் விழுவார்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. அடையாளம் காண்பது ஒரு வேலை, வகைப்படுத்துவது வேறொரு வேலை. கையில் இருப்பது எந்தச் சிற்றினம் என்று கண்டுகொள்வது முதலாவது. அந்தச் சிற்றினம் யாருக்கு உறவு, எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று முடிவு செய்வது இரண்டாவது. கறுப்பு ஸ்போரும் உருகலும் இரண்டாவது வேலையில் நம்மை ஏமாற்றின. அதனால் முதல் வேலைக்கும் அவை உதவாது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழைக்குப் பிறகு, உறவினர் ஒருவர் வீட்டுப் புல்தரையில் தட்டு அகலத்துக்குக் காளான்கள். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில், காம்பில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம், செவுள் சுத்த வெள்ளை. பார்க்கச் சாப்பிடத் தகுந்ததாகவே இருந்தது. குழம்பு வைக்கலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு குடையின் காம்பை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளைத் தாளின் மேல் செவுள் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மேலே ஒரு பாத்திரத்தை மூடிவைத்தேன். காலையில் தூக்கிப் பார்த்தால் செவுள்களின் வரிசை அப்படியே தாளில் பதிந்திருந்தது. நிறம், மங்கிய பாசிப் பச்சை. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பின்னியெடுக்கும் காளான். பச்சை ஸ்போர் உள்ள பெரிய குடைக்காளான் என்றால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். ஒரு தாள், ஒரு பாத்திரம், ஒரு ராத்திரி, செலவு ஒன்றுமில்லை. டி.என்.ஏ. முடிவு வர எத்தனை நாள் ஆகியிருக்கும்?

அதே காளானில் அடுத்த பாடமும் இருக்கிறது. குளோரோஃபில்லம் என்றால் பச்சைச் செவுள். பச்சை ஸ்போர்தான் அந்தப் பேரினத்தின் அடையாளம் என்று வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடு வந்த பிறகு, மேக்ரோலெபியோட்டாவில் இருந்த சில வெள்ளை ஸ்போர்க் காளான்கள் இதற்கு நெருங்கிய உறவு என்று தெரிந்து, அவற்றையும் குளோரோஃபில்லத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆக, பச்சை நிறம் பேரினத்தின் எல்லையைச் சொல்லத் தவறியது. அந்த ஒரு சிற்றினத்தைக் காட்டிக்கொடுப்பதில் தவறவே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். டி.என்.ஏ. ஒரு முடிவைச் சொன்ன பிறகு, மறுபடி காளானை எடுத்துப் பார்த்தால், முன்பே கண்ணெதிரில் இருந்தது தெரியவரும். காப்ரினஸ் கோமேட்டஸின் காம்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளை நூல், பஞ்சுத் திரி மாதிரி தொங்கும். காப்ரினாப்சிஸ் காம்பைப் பிளந்தால் குழாய் இருக்கும், அந்த நூல் இருக்காது. வளையமும் கோமேட்டஸில் தெளிவாக, நகரும்படி இருக்கும். அந்த நூலை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அது உறவைச் சொல்லும் அடையாளம், உருகல் அப்படியல்ல என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்ல வழி இல்லாமல் இருந்தது. எந்த உருவக் குறியை எவ்வளவு நம்பலாம் என்று எடை போட்டுக் கொடுத்ததுதான் மரபியல் செய்த பெரிய உதவி என்பேன்.

சரி, உருவம் கைவிடும் இடமும் உண்டு. நெல் குலை நோய்ப் பூஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். பைரிகுலேரியா. ஸ்போர் பேரிக்காய் வடிவம், குறுக்கே இரண்டு சுவர், மூன்று அறை. பெயரே பேரிக்காயிலிருந்து வந்தது. நெல்லில் வருவதும், வயலோரத்து டிஜிட்டேரியா புல்லில் வருவதும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றையும் மாக்னபோர்தே கிரைசியா என்ற ஒரே சிற்றினமாக வைத்திருந்தார்கள். 2002இல் கௌச், கோன் இருவரும் ஆக்டின், பீட்டா-டியூபுலின், கால்மொடுலின் என்று மூன்று மரபணுக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வம்ச மரம் வரைந்தார்கள். மூன்றும் ஒரே இடத்தில் கிளை பிரிந்தன. டிஜிட்டேரியா கூட்டம் ஒரு பக்கம். நெல்லையும் வேறு சில புற்களையும் தாக்கும் கூட்டம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றோடொன்று இனம் கலப்பதும் இல்லை. நெல்லில் உள்ளது ஒரைசே என்ற தனிச் சிற்றினம் ஆயிற்று.

இதில் ‘மூன்று மரமும் ஒரே இடத்தில் பிரிந்தன’ என்பதுதான் உயிர்நாடி. ஒரே சிற்றினத்துக்குள் மரபணுக்கள் தலைமுறைக்குத் தலைமுறை கலைந்து சேர்வதால், ஒரு மரபணு ஒரு மாதிரி கிளைக்கும், இன்னொன்று வேறு மாதிரி கிளைக்கும். கலப்பு நின்று வெகுகாலம் ஆன எல்லையில் மட்டும் எல்லா மரமும் ஒத்துப்போகும். பூஞ்சைகளில் சிற்றின எல்லையைக் கண்டுபிடிக்க இன்று நம்பப்படும் முறை இதுதான்; ஒரு மரபணுவை மட்டும் வைத்து எல்லை கட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

குலை நோய்ப் பூஞ்சைக்கு இரண்டு பேரினப் பெயர் ஏன் என்று கேட்பீர்கள். பூஞ்சைகள் பாலினக் கலப்பில்லாமல் ஸ்போர் விடும் நிலையில் ஒரு முகம், கலப்பு நடந்த பிறகு வேறு முகம் காட்டும். இரண்டும் ஒன்றென்று தெரியாத காலத்தில் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்தார்கள், விதியும் அதை அனுமதித்தது. கலப்பு நிலையே தெரியாத பூசணங்களை எப்படித்தான் ஒழுங்குபடுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சி.வி. சுப்பிரமணியன் முக்கியமானவர். ஸ்போர் கடைசியில் என்ன நிறம், எத்தனை அறை என்பதைவிட, அது இழையிலிருந்து எப்படி உண்டாகிறது, மொட்டாக ஊதி வருகிறதா, குழாயிலிருந்து பிதுங்குகிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்ற கோணத்தில் அவர் வேலை செய்தார். இந்தியாவில் உள்ள, இழைகளிலேயே கலப்பில்லா ஸ்போர் விடும் ஹைபோமைசீட்ஸ் பூஞ்சைகளைப் பற்றி 1971இல் வந்த அவருடைய பெரிய நூலை இன்றும் புரட்டுகிறோம். 2011இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு இரட்டைப் பெயர் முறைக்கு முடிவு கட்டியது: ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர். எந்த இரண்டு முகம் ஒரே பூஞ்சை என்பதை டி.என்.ஏ. சொல்ல முடிந்ததால்தான் அந்த முடிவு சாத்தியமானது.

உருவம் மறைந்துபோன இடத்தில் டி.என்.ஏ. என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று. லண்டன் கடையில் வாங்கிய, சீனாவிலிருந்து வந்த உலர்ந்த போர்சினி காளான் பொட்டலம் ஒன்றைக் கியூ தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர்கள் பிரித்து, 15 துண்டுகளின் டி.என்.ஏ. பார்த்தார்கள். மூன்று சிற்றினங்கள் இருந்தன. மூன்றுக்கும் அதுவரை அறிவியல் பெயரே இல்லை. 2014இல் மூன்றுக்கும் பெயர் வைத்து வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டு ஐ.டி.எஸ். போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளிப் பகுதி அது. பொதுவாக 500 முதல் 700 எழுத்து. ஒரு செல்லில் பல பிரதிகள் இருப்பதால் காய்ந்த பழைய மாதிரியிலும் எடுக்க வருகிறது. 2012இல் பூஞ்சைகளின் பொது அடையாளப் பட்டையாக அதை முன்மொழிந்ததற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம். ஆனால் 600 எழுத்தில் 99 சதவீதம் என்றால் 6 எழுத்து வித்தியாசம். சில பேரினங்களில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே அவ்வளவு இருக்கும். வேறு சிலவற்றில் இரண்டு சிற்றினத்துக்கு நடுவில் ஒரு எழுத்துகூட மாறாது. ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், ஃபியூசேரியம் எல்லாம் இந்த இரண்டாம் ரகம். காளான் வளர்ப்பவருக்கு நன்றாகத் தெரிந்த டிரைக்கோடெர்மாவும் அப்படித்தான்.

படுக்கையில் பச்சைப் பூசணம் என்று நாம் திட்டும் அதே பேரினத்தை, வேரழுகலுக்கு மருந்தாக விவசாயிகள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். 1980களின் நடுவில் அயர்லாந்து, பிரிட்டன் பக்கம் மொட்டுக் காளான் பண்ணைகளில் பச்சைப் பூசணம் பெரும் நாசம் செய்தது. அது டிரைக்கோடெர்மா ஹார்சியானம் என்றே முதலில் அடையாளம் காணப்பட்டது. மருந்தாக வயலில் தெளிப்பதும் ஹார்சியானம். அப்படியானால் மருந்தே காளானுக்கு எமனா என்ற பயம் நியாயமானது. வரிசைகளை ஒப்பிட்டபோது, பண்ணையை அழித்தது நெருங்கிய உறவான வேறு சிற்றினம் என்று தெரிந்தது. 2002இல் அக்ரெசிவம் என்று பெயர் வைத்தார்கள். சிப்பிக்காளான் படுக்கைகளில் வரும் புளூரோட்டம், புளூரோட்டிகோலா என்ற இரண்டையும் 2006இல் கொரியாவில் பிரித்துக் காட்டினார்கள். ஹார்சியானம் என்ற பெயருக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் ஒளிந்திருந்ததை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. சந்தையில் விற்ற சில ரகங்களின் பெயரும் அதனால் மாறிற்று. விரிடி என்ற பெயரில் இருந்த பலவும் உண்மையில் அஸ்பெரெல்லம்தான். இவற்றைப் பிரிக்க டி.இ.எஃப்.1, ஆர்.பி.பி.2 மாதிரி வேறு மரபணுக்கள் வேண்டும். இனி உங்கள் படுக்கையில் பச்சை படர்ந்தால் ஐ.டி.எஸ்ஸுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

இப்போது உங்கள் காளானுக்குத் திரும்புவோம். நீங்கள் அனுப்பிய வரிசைப் படத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முகடாக வரும் படம் அது. தொடக்கத்தில் முகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கூர்மையாக இருக்கின்றன. 412ஆம் எழுத்தைத் தாண்டியதும் எல்லா இடத்திலும் இரண்டு முகடு, ஒன்றின் மேல் ஒன்று. இது ஆய்வகத்தின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. காளான் உடலின் செல்லில் இரண்டு பெற்றோரின் உட்கருக்கள் ஒன்று சேராமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒருவரின் ஐ.டி.எஸ்ஸில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தாலும், அந்த இடத்திலிருந்து இரண்டு வரிசையும் ஒரு படி தள்ளித் தள்ளி விழும். எதிர்ப் பக்கத்து பிரைமரிலிருந்தும் (படிப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டி.என்.ஏ. துண்டு) படித்து வாங்குங்கள். அது மறுமுனையிலிருந்து 412 வரை சுத்தமாக வரும். இரண்டையும் சேர்த்தால் முழு வரிசை கிடைக்கும். பிளாஸ்டில் போடும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காமல், உங்கள் வரிசையில் எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதையும் பாருங்கள். பாதி நீளத்தில் 99 சதவீதம் என்பதற்கு மதிப்பு குறைவு. பெயரின் ஆதாரமான வகை மாதிரியிலிருந்து எடுத்த வரிசைகளை மட்டும் தேடும் வசதி இருக்கிறது, அதைத் தட்டிவிடுங்கள். பட்டியல் சட்டென்று சின்னதாகும். பிறகு பூஞ்சை வரிசைகளுக்கான யுனைட் தளத்திலும் ஒரு முறை போடுங்கள்.

அடுத்த முறை காளான் வரும்போது (படுக்கையில் ஒன்று வந்தால் இன்னும் வரும்) விடிகாலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கையில் மைதான் மிஞ்சும். முட்டை நிலையில் ஒன்று, குடை பாதி விரிந்த நிலையில் ஒன்று, விரிந்தது ஒன்று என்று வேரோடு எடுங்கள். காம்பை வைக்கோலிலிருந்து பிடுங்காமல், சுற்றியுள்ள வைக்கோலோடு அகழ்ந்து எடுக்க வேண்டும். சினெரியாவின் காம்பு அடியில் வேர் மாதிரி நீண்டு உள்ளே போயிருக்கும், அது முக்கியமான குறி. குடை மேல் இருக்கும் வெள்ளைப் பஞ்சைத் தொடாமல் படம் எடுங்கள், விரல் பட்டாலே போய்விடும். அதில் துளியை ஒரு ஊசி முனையில் எடுத்து 5 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்துப் பாருங்கள். நீண்ட செல்கள் சங்கிலியாக இருக்கின்றனவா, உருண்டைகளா? காப்ரினெல்லஸ் என்றால் அந்த இடத்தில் பல சமயம் உருண்டைச் செல்களும், குடைத் தோலில் நிமிர்ந்து நிற்கும் மயிர்களும் தெரியும். ஸ்போர் குறைந்தது முப்பது அளந்து, நீளம் அகலம் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். 10 மைக்ரானுக்குப் பக்கத்தில், கறுத்து, முனையில் சின்ன துளையோடு இருக்க வேண்டும். ஒரு காம்பை நீளவாக்கில் பிளந்து, நூல் இருக்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாதி விரிந்ததை இரண்டாக வெட்டி, 40 முதல் 45 டிகிரி சூட்டில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். ஒடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும். சிலிக்கா ஜெல்லோடு உறையில் போட்டு, தேதி, இடம், எந்த வைக்கோல், எத்தனையாவது நாள் என்று எழுதி, ஒரு எண் கொடுங்கள். டி.என்.ஏ.வுக்கு அந்த மாதிரியின் உட்பகுதியிலிருந்தே எடுங்கள், மேல்புறத்தில் ஒட்டியிருக்கும் பூசணம் கலந்துவிடாமல் இருக்கும். வரிசையைப் பதிவேற்றும்போது அதே எண்ணைப் போடுங்கள். ஷேஃபரின் 1774 படத்தில் ஸ்போரும் இல்லை, டி.என்.ஏ.வும் இல்லை, இருந்தும் கையில் பார்க்க ஒரு படம் இருப்பதால்தான் இன்றைக்கும் அவர் சொன்னது இதுதானா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வரிசைக்குப் பின்னால் இப்போதைக்கு அதுகூட இல்லை.

உறை தயாரானதும் அதில் பாதியை எனக்கு அனுப்புங்கள், மறு பாதி உங்களிடமே இருக்கட்டும். ஸ்போரையும் குடைப் பஞ்சையும் நானும் ஒரு முறை பார்க்கிறேன். எதிர்ப் பக்கத்து வரிசையும் அதற்குள் வந்துவிட்டால் லாகோபஸை அடித்துவிட்டு, உறையின் மேல் பெயரை எழுதிவிடலாம்.